பேரளியில் ஏறியவர்

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போக வேண்டும். அந்த ஒரு மணி நேரச் சாலையைத்தான் அன்று காலை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு போனேன்.

கவுல்பாளையம் தாண்டியதும் கரிசல். இருபுறமும் மக்காச்சோளம், நடுநடுவே பருத்தி. இங்கே விளையும் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனமாகிவிடும். 2018-ல் படைப்புழு இறங்கிக் குருத்தைத் தின்று தீர்த்தது. பயிரும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, புழுவும் அங்கத்தியதுதான். மக்காச்சோளத்தின் தாய்வீடு மெக்சிகோ. 1994-ல் வட அமெரிக்க வணிக ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபின், மானியத்தில் விளைந்த மலிவான அமெரிக்க மக்காச்சோளம் மெக்சிகோவுக்குள் கொட்டியது. தங்கள் மக்காச்சோளம் விலைபோகாத குடியானவர்களில் எத்தனையோ பேர் எல்லை தாண்டிப்போய் கலிபோர்னியாவில் அடுத்தவர் நிலத்தில் ஸ்ட்ராபெரி பறித்தார்கள்.

பேரளியில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் பாஸ்போர்ட். சென்னைக்கு விசா மெடிக்கலுக்குப் போகிறாராம். குவைத்தில் வஃப்ரா பக்கம் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

“அங்க என்ன வேலைங்க?”

“வெவசாயந்தாங்க சார். வெள்ளரி, தக்காளி. எல்லாம் பிளாஸ்டிக் கொட்டாய்க்குள்ள. வெளிய இருந்தா வெயிலு, உள்ள இருந்தா வேக்காடு.”

பண்ணையை ‘மஸ்ரா’ என்றார், முதலாளியைக் ‘கஃபீல்’. வீட்டு வேலைக்கான விசாவில் போனவர், இறங்கிய மறுநாளே மஸ்ராவில் விடப்பட்டார். முதல் சில மாதச் சம்பளம் ஏஜென்ட்டுக்காக வாங்கிய வட்டிக் கடனுக்கே போயிற்று. இங்கே அவருக்குச் சொந்தக் கொல்லை மூன்று ஏக்கர். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வளைகுடாச் சட்டங்கள் கட்டடத் தொழிலாளியைப் பார்க்கிற கண்ணால் பண்ணையாளைப் பார்ப்பதில்லை. 2021 மார்ச்சில் சவுதி அரேபியா வேலை மாறும் உரிமையைத் தளர்த்தியபோதும் வீட்டு வேலையாள், ஓட்டுநர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் எல்லாரும் வெளியேதான் நின்றார்கள். நம் பக்கக் காவல் ஒன்று உண்டு: பத்தாவது தேறாதவருக்கு ஈசிஆர் பாஸ்போர்ட். அவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். விசிட் விசாவில் பறக்கிறவரை அது என்ன செய்யும்? மெக்சிகோக்காரர்களை அமெரிக்கப் பண்ணைகளுக்கு அழைக்க அரசே நடத்திய ‘பிரசேரோ’ ஏற்பாட்டிலும், 1942 முதல் 1964 வரை, இதே கதைதான். தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பென்று பிடித்தார்கள். பலர் கைக்கு அது வந்து சேரவே இல்லை.

குன்னம் தாண்டி மாவட்ட எல்லை. அரியலூர்க்காரர்களின் பழைய காகிதங்களை வரிசையாக வைத்தால் வேடிக்கையாக இருக்கும். 1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர். வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு சுண்ணாம்புக்கல் லாரிகள், சிமெண்ட் தூசி, ஊர், ஸ்டேஷன்.

இந்தத் தடத்தில் நின்றால் லால் பகதூர் சாஸ்திரி நினைவுக்கு வராமல் போகாது. 1956 நவம்பர் 23-ல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் பக்கத்து மருதையாற்றில் விழுந்ததும் ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவர். அதை நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 1964-ல் பிரதமராக, இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுடன் அவர் போட்ட ஒப்பந்தத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. இலங்கைத் தோட்டங்களில் தேயிலை கிள்ளிய தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அவர்களின் பாட்டன் பூட்டன்மாரில் கணிசமானோர் இந்தப் பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து ஆள்பிடிக்கும் கங்காணியோடு கிளம்பிப் போனவர்கள். பங்கு பிரித்தபோது அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

பிளாட்பாரத்தில் அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

“ஏறிட்டா பேச முடியாது, கேட்டுக்க. சாயங்காலம் மேலக் கொல்லைக்குப் போயி குருத்தப் பிரிச்சுப் பாரு, புழு இருக்கான்னு. இருந்தா இன்னைக்கே மருந்து அடிச்சிரு.”