மதிலுக்கு வெளியே

இருபது வருஷ காலமாக நாம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் போதித்து வருகிறோம். இந்த இருபது வருஷத்தில் நமது வகுப்பில் தூங்காமல் இருந்த பிள்ளைகளைக் கை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது நம் தொழிலோடு பிறந்த சாபம் என்று எண்ணிச் சமாதானம் அடைந்திருந்தோம். ஆனால் பதினோரு வயதான நம் புதல்வி ஒரு நாள் இரவு, பரீட்சைக்காகப் பாடம் ஒப்பித்து முடித்துவிட்டு, "அப்பா! உங்கள் சரித்திரத்தில் யாருக்குமே பசிக்காதா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

அதற்குப் பின் சில மாதங்கள் கழித்து, ஸ்வீடன் தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் நம் மைத்துனர், "அத்திம்பேர்! ஆகஸ்டு மாதத்தில் வாருங்கள். உங்களுக்கென்றே ஒரு திருவிழா நடக்கிறது" என்று அழைத்தார். பள்ளிக்கூடத்தில் மன்றாடி விடுமுறை வாங்கிக்கொண்டு நாம் மூவரும் புறப்பட்டோம். ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே உள்ள துறைமுகத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கப்பலில் சென்றால் காட்லண்ட் என்னும் தீவு வருகிறது. அதன் தலைநகரம் விஸ்பி. முற்காலத்தில் ஹான்ஸா வர்த்தகர்களின் செல்வம் குவிந்து கிடந்த ஊர் அது. சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கல் மதில் இன்றும் ஊரைச் சுற்றிக் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே பத்துக்கு மேற்பட்ட பாழடைந்த மாதா கோயில்கள், கூரையின்றி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இந்த ஊரில் 1984-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதத்தில் ஒரு வாரம், மத்திய கால வாரம் என்ற பெயரால் விழா நடந்து வருகிறது. அந்த வாரத்தில் கால்சட்டைக்காரர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது! ஆசிரியர்களும் வைத்தியர்களும் தச்சர்களும், தாங்களே தைத்த கம்பளி அங்கிகளை அணிந்து, கைக்குழந்தைகளுக்கும் குல்லாய் மாட்டிக்கொண்டு வீதியில் உலாவுகிறார்கள். ஒரு புறம் கொல்லன் துருத்தி ஊதுகிறான். மற்றொரு புறம் தோல் தைக்கிறார்கள். குதிரை வீரர்கள் நீண்ட ஈட்டிகளோடு ஒருவரை ஒருவர் மோதுகிறார்கள். சிறுவர்கள் மரக் கத்திகளோடு அவர்களைப் பின்பற்றி ஓடுகிறார்கள்.

நமது சகதர்மிணி காஞ்சீபுரம் பட்டுப் புடவை உடுத்தியிருந்தாள். பழங்கால உடையிலிருந்த மூதாட்டி ஒருவர் அவளை நிறுத்தி, அந்த ஜரிகையைத் தொட்டுப் பார்த்து, "மிகவும் அழகு! இது எந்த நூற்றாண்டு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "போன தீபாவளி" என்றாள் நம் மனைவி.

அந்த மூதாட்டியே நம் பெண்ணைத் தம் கூடாரத்துக்கு அழைத்துச் சென்று, ஆட்டு ரோமத்தை வாரக் கற்றுக்கொடுத்து, கையில் ஒரு தக்களியையும் தந்தார். அதைக் கண்டதும் நமக்கு உடல் சிலிர்த்தது. நம் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து சுழற்றிய அதே தக்களிதான். பஞ்சுக்குப் பதில் ரோமம், அவ்வளவே. ஒரு மணி நேரம் முயன்று, ஒரு முழ நூல் நூற்றாள் குழந்தை. "ஒரு சட்டைக்கு எத்தனை நாள் நூற்க வேண்டும்?" என்று கேட்டாள். மாதக் கணக்கில் என்று கிழவி சொன்னதும் அவள் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். நமது பாடங்களில் இராஜாக்கள் பட்டாடை உடுத்துவதுண்டு. அதற்கு யார் நூற்றார்கள் என்பது மட்டும் வருவதில்லை.

மறுநாள் அவ்வூர்ப் பொருட்காட்சி சாலைக்குச் சென்றோம். அங்கேதான் விழாவின் மறுபுறத்தைக் கண்டோம்.

1361-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் டென்மார்க் அரசன் வால்டெமார் படையோடு இத்தீவில் இறங்கினான். எதிர்த்து நின்றவர்கள் நாட்டுப்புறத்துக் குடியானவர்கள். ஜூலை 27-ஆம் தேதி, விஸ்பி நகரத்து மதிலுக்கு வெளியே, வாசலுக்கு அருகிலேயே அவர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள். மாண்டவர் சுமார் 1,800 பேர் என்பர். நகரத்தார் மதிலுக்கு உள்ளேயே இருந்துவிட்டார்கள் என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. பட்டணத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் நெடுநாளையப் பகை. 1288-ஆம் ஆண்டில் இரு தரப்பாருக்கும் யுத்தமே நடந்திருக்கிறது. போர் முடிந்த இரண்டாம் நாள், நகரத்தாரின் பழைய உரிமைகளை வால்டெமார் சாஸனம் எழுதி உறுதி செய்து கொடுத்தான். வர்த்தகம் பிழைத்தது.

1905-ஆம் ஆண்டுக்கும் 1930-ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்தச் சவக்குழிகளைத் தோண்டினார்கள். 1,100-க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர்களும் கிழவர்களும் அங்கஹீனர்களும். கோடை வெயிலில் கவசங்களைக் கழற்றவும் அவகாசமின்றிப் பலரை அப்படியே புதைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், இரும்பு வளையத் தலையணியோடு ஒட்டிக் கிடந்த ஒரு மண்டையோட்டின் எதிரில் நம் பெண் வெகு நேரம் நின்றாள்.

அன்று மாலை மதிலுக்கு வெளியே சென்று, குழிகள் இருந்த இடத்தில் நிற்கும் பழைய கற்சிலுவையைப் பார்த்தோம். காற்றில் விழாவின் முரசொலி நன்றாகக் கேட்டது. குழந்தை மதிலையும் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா! உள்ளே இருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டிருக்குமே?"

இம்முறை அணைப்பதற்கு விளக்கு இல்லை. "கேட்டிருக்கும், அம்மா" என்றோம். அதற்குமேல் நமக்கு நா எழவில்லை. கூக்குரல் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டு, நமக்கென்ன என்று கதவைச் சாத்திய சந்தர்ப்பங்கள் நம் சொந்த வாழ்விலும் சில உண்டு. அவை ஒவ்வொன்றாக அப்போது நினைவுக்கு வந்தன.

இத்தனை பேர் மாண்ட ஊரில் இப்படிக் கூத்தும் கொம்மாளமும் தகுமா என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை. ஆனால் முந்திய நாள் அந்தத் தக்களியைச் சுழற்றியிராவிட்டால், அந்த மண்டையோடு நம் பெண்ணுக்கு வெறும் எலும்பாகவே இருந்திருக்கும். ஒரு சட்டைக்கு எத்தனை மாத உழைப்பு என்று தெரிந்த பிறகே, அந்தச் சட்டையோடு புதையுண்டவன் அவளுக்கு ஒரு மனிதனானான்.

ஊர் திரும்பியதும், முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காமல் இந்தக் கதையைச் சொன்னோம். கடைசிப் பெஞ்சியில் வழக்கமாகத் தூங்கும் பையன் எழுந்து நின்றான். "சார்! செத்துப்போன பையன்களுக்கு என் வயது இருக்குமா?" என்று கேட்டான். சிலருக்கு இருக்கும் என்றோம். அவன் உட்கார வெகு நேரமாயிற்று.

நம் புதல்வி நூற்ற அந்த ஒரு முழ நூல், முண்டும் முடிச்சுமாக, இப்போது நமது சரித்திரப் பாடப் புத்தகத்தில் பக்க அடையாளமாக இருக்கிறது.