பழையது

பெல்ஜியத்தின் கஃபேக்கள் சிலவற்றில் ஓர்வல் பியர் கேட்டால், “புதியதா, பழையதா?” என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் பழையது என்றால் நேற்றைய சோறு, அம்மாவின் பங்கு. இங்கே அதைத் தேடிவந்து கேட்கிறார்கள்.

ஓர்வல் மடாலயத்தின் பியர் ஆலை 1931இல் தொடங்கப்பட்டது. வழக்கமான ஈஸ்ட்டோடு பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் இதில் உண்டு. புட்டிக்குள் போன பிறகும் அது ஓய்வதில்லை. புதிதில் ஹாப்ஸின் மணமும் கசப்பும் தூக்கலாக இருக்கும். ஆறு மாதத்தில் அவை அடங்கி, மண்ணும் பதப்படுத்திய தோலும் கலந்தாற்போல் ஒரு வாசம் எழும். மிச்சச் சர்க்கரையை ஈஸ்ட் தின்பதால் இனிப்பு குறையும். போதை சற்றே ஏறும்.

எல்லா பியரும் இப்படி முதிர்வதில்லை. ஹாப்ஸ் மணத்துக்காகவே காய்ச்சியவற்றில் நாளானால் ஆக்சிஜனால் அட்டை வாசம் வந்துவிடும். கனமான பார்லி வைனிலோ அதே ஆக்சிஜன் உலர்திராட்சைச் சுவையைக் கொண்டுவரும்.

எனக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடமாகிறது. “வயதே தெரியவில்லையே” என்பதுதான் எனக்குக் கிடைக்கும் பாராட்டு. அதாவது, மாறாதிருந்தால் மெச்சுவார்கள். பழைய ஓர்வலை யாரும் புதியதுபோல் இருப்பதாகப் புகழ்வதில்லை.

இன்னொன்றும் உண்டு. பியர் கெட்டுப்போனால், எங்கே வைத்திருந்தீர்கள், வெயில் பட்டதா, சூடேறியதா என்று விசாரிப்பார்கள். இருபத்தைந்து வருடம் அடுப்படியிலும் இரவு ஷிஃப்டிலும் நின்ற உடம்பைப் பார்த்து, “வயசாயிடுச்சு” என்று மட்டும் சொல்கிறார்கள். எங்கே வைத்திருந்தோம் என்று ஒருவரும் கேட்பதில்லை.