கோடியக்கரையில் நான்கு நாட்கள்

பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு விடுமுறை என்றாலே ஊருக்குப் போவது என்றுதான் பொருள். எங்களுக்கும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. வேதாரணியத்தை அடுத்த சிற்றூர் ஒன்று எங்கள் பூர்வீகம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தென்னந்தோப்பு ஒரே இரவில் சாய்ந்தது. ஓட்டு வீடும் சிதைந்தது. எஞ்சிய மனையைப் பின்னர் விற்றுவிட்டோம். அதன்பின் போவதற்கு ஊர் இருந்தது. இறங்குவதற்கு வீடு இல்லை. போக்குவரத்தும் அத்துடன் நின்றது.

சென்ற மார்கழியில் வீட்டுப் பெரியவரான அம்மா, "ஒருமுறை அந்தக் கடலைப் பார்த்துவிட்டால் போதும்" என்றார்கள். பிள்ளைகளுக்கோ கிறிஸ்துமஸ் விடுமுறை. கோடியக்கரையில் கடலை அடுத்த சிறு விடுதி ஒன்றில் நான்கு நாட்களுக்கு இடம் கிடைத்தது. இரவு வண்டியில் புறப்பட்டுத் தஞ்சையில் இறங்கி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பேருந்துகள் மாறி வேதாரணியம் சேர்ந்தோம். அங்கிருந்து கோடியக்கரை சுமார் 10 கிலோமீட்டர். இடையில் அகத்தியம்பள்ளி உப்பளங்கள் வெண்மையாக விரிந்து கிடந்தன. 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்து உப்பெடுத்தது இப்பகுதியில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். மகளுக்கோ கோடிக்கரை என்றால் 'பொன்னியின் செல்வ'னில் படகு விடும் பூங்குழலிதான்.

சுந்தரர் காலத்திலேயே இது தனிமையான இடம். கடற்கரையில் துணையின்றி அமர்ந்திருக்கும் குழகரைக் கண்டு அவர் மனம் வருந்திப் பாடினார். அக்கோயிலை வணங்கிவிட்டுப் பாலை மரங்கள் அடர்ந்த காட்டு வழியே நடந்தோம். வெளிமான்கள் எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் மேயத் தொடங்கின. 1967 முதல் இது காப்பகமாக விளங்குகிறது. சுற்றியுள்ள சதுப்பு நிலங்களையும் சேர்த்து 2002-இல் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது.

முதல் இரண்டு நாட்களும் பூநாரைகள் கண்ணில் படவில்லை. மழைநீர் மிகுதியாகத் தேங்கியிருந்தமையால் அவை ஆழம் குறைந்த இடம் தேடிப் போயிருக்கும் என்றார் வனக் காவலர். மகன் சலிப்புற்று, "நம் ஊருக்கு எப்போது திரும்புவோம்?" என்று கேட்டான். அவன் நம் ஊர் என்றது பெங்களூரை. அம்மா ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அச்சொல் தைத்தது.

மூன்றாம் நாள் காலை காவலர் எங்களைச் சதுப்பின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றார். தொலைவில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. தொலைநோக்கி வழியே பார்த்தபோது, அது நூற்றுக்கணக்கான பூநாரைகளின் வரிசை. தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டி அவை இரை தேடிக்கொண்டிருந்தன. உண்ணும் இரையிலிருந்தே அவற்றிற்கு அந்நிறம் வருகிறது என்று காவலர் விளக்கினார். காலடியில் சேற்றோரமாகச் சின்னஞ்சிறு பறவைகள் குடுகுடுவென்று ஓடின. அவை கொசு உள்ளான்கள். ஏறத்தாழ 25 கிராம் எடைதான்; ஆயினும் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளிலிருந்து பறந்து வருகின்றன.

"அப்பாயி, இவற்றிற்கு ஊர் எது? கூடு கட்டும் இடமா, இந்த இடமா?" என்று கேட்டான் மகன்.

"கூடு கட்டினால் அதுவும் ஊர்தான், பசியாற வந்தால் இதுவும் ஊர்தான். இரண்டையும் மறக்காமல் இருக்கிறதே, அதைப் பார்" என்றார்கள் அம்மா.

காவலர் மற்றொரு செய்தியும் சொன்னார். வடக்கே கோடை முடியுமுன்னரே பெரிய பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள் சில வாரங்கள் கழித்துத் தாமாகவே கிளம்பும். பெற்றோர் உடன் வருவதில்லை. இதுவரை கண்டிராத கரையைத் தேடி அவை சரியாக வந்து சேரும்.

அன்றிரவு அலையோசையைக் கேட்டவாறு இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் பிள்ளைகள் பிறந்த கூடு பெங்களூர். ஹெப்பாள் ஏரியின் கூழைக்கடாக்களையும் பக்கத்து வீட்டுக் கன்னடத் தோழர்களையும் உடைய அந்நகரை அவர்கள் நம் ஊர் என்பதில் பிழையேதும் இல்லை. பிழை எங்களுடையதே. உள்ளான் குஞ்சுக்கு வழி பிறவியிலேயே அமைந்திருக்கிறது. மனிதக் குழந்தைக்கு அப்படி அமையவில்லை. கைப்பிடித்து அழைத்துச் சென்றாலன்றி அது அறியாது. வீடு போயிற்று என்று சொல்லி நாங்கள் வழியையும் மூடிவிட்டோம். இக்கரையில் உள்ளானுக்கு என்றைக்கு வீடு இருந்தது? அது இங்கே கூடுகூடக் கட்டுவதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் வருகிறது.

நான்காம் நாள் திரும்பும் பேருந்தில் மகன் ஒரு தாளை எடுத்து, வழியில் வரும் ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதத் தொடங்கினான். அவனுக்குத் தமிழ் எழுத்து இன்னும் முழுமையாகக் கைவரவில்லை.

"அப்பாயி, மன்னார்குடிக்கு எந்த 'ன'?"

"இரண்டு சுழி" என்றார்கள் அம்மா.

பெங்களூரை அவன் இன்றும் நம் ஊர் என்றே சொல்கிறான், நாங்கள் திருத்துவதில்லை. அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். வரும் மார்கழிக்கும் விடுதியில் இடம் கேட்டு எழுதியாயிற்று.