திரையில் தெரிந்த டைப்ரைட்டர்

விடுதியில் என்னோடு ஒருமுறை படம் பார்க்க உட்கார்ந்தவர்கள் மறுமுறை உட்கார்ந்ததில்லை. கதாநாயகி கண்ணீர் விடுவாள். வில்லன் துப்பாக்கியை நீட்டுவான். அந்த நேரம் பார்த்து மேசை மூலையில் ஒரு பழைய டைப்ரைட்டர் தலையைக் காட்டும். உடனே படத்தை நிறுத்திவிட்டு, "அது என்ன மிஷின்?" என்று திரையில் மூக்கு முட்ட ஆராயத் தொடங்கிவிடுவேன். என் அறைத் தோழர் மதுரைக்காரர், பொறுமைசாலி. அவரே ஒருநாள், "உமக்குப் படம் எதற்கு ஐயா? பழைய இரும்புக் கடைக்குப் போய் உட்கார்ந்தால் போதாதா?" என்று கேட்டுவிட்டார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் 'பழைய இரும்புக் கடை' என்ற சொல் என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

மாயவரத்தில் என் தந்தையார் இருபத்தேழு ஆண்டுகள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். மாடியில் ஒரே கூடம். அதில் எட்டு மிஷின்கள். ரெமிங்டன் மூன்று, ஹால்டா இரண்டு, கோத்ரெஜ் இரண்டு, பாசிட் ஒன்று. காலை ஆறு மணிக்கு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தொடங்கும் ஓசை இரவு எட்டு மணிக்குத்தான் ஓயும். நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் லோயர். 45 அடித்தால் ஹையர். அந்தச் சான்றிதழ் ஒன்றையே துணையாகக் கொண்டு தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தமிழர்கள் எத்தனை பேர்! இதைப் படிக்கும் நண்பர்கள் சிலருடைய பாட்டனார்களும் அப்படி வந்தவர்களாகவே இருக்கலாம்.

2020-இல் பெருந்தொற்று வந்தது. கூடம் பூட்டப்பட்டது, வாடகை மட்டும் நிற்கவில்லை. டைப்ரைட்டர் செய்துவந்த கோத்ரெஜ் நிறுவனமே 2009-இல் அதை நிறுத்திவிட்டது என்பதை எங்கோ படித்திருந்தேன். 1955-இல் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அந்த அறிவோடு, "எடைக்குப் போட்டுவிடலாம் அப்பா. இனி இவற்றை யார் தொடப் போகிறார்கள்?" என்று சொன்னவன் நான்தான். கடைக்காரர் தராசோடு வந்த அன்று அப்பா மாடிக்கே வரவில்லை. எட்டு மிஷின்களையும் நானே எண்ணிக் கொடுத்தேன். மறு ஆண்டே பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். "சார், இன்ஸ்டிடியூட் எப்போது திறப்பீர்கள்?" என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதன் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் இரண்டே கேள்விகள்: "சாப்பிட்டாயா? பணம் இருக்கிறதா?"

இங்கே வந்து சேர்ந்த முதல் ஆண்டில் 'மேட் மென்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தேன். நியூயார்க் விளம்பரக் கம்பெனி ஒன்றைப் பற்றிய கதை. தொடங்குவது 1960-ஆம் ஆண்டில். அலுவலகப் பெண்கள் தட்டச்சு செய்கிறார்கள். ஆனால் காகிதம் சுற்றிய உருளை இடமும் வலமும் நகரவே இல்லை! அது ஐ.பி.எம். செலெக்ட்ரிக். அதில் உருளை அசையாது. எழுத்துக்கள் பதித்த சிறு உருண்டை ஒன்றுதான் ஓடி ஓடி அடிக்கும். அந்த மிஷின் விற்பனைக்கு வந்ததோ 1961-இல். கதை நடக்கும் காலத்தில் அது பிறக்கவே இல்லை! நள்ளிரவென்றும் பாராமல் அந்தக் காட்சியைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"வருஷம் கிடக்கட்டும், தம்பி. அந்தப் பெண் விரலை எப்படி வைத்திருக்கிறாள், பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. மிஷினை மட்டுமே பார்த்திருந்தேன்.

அன்று தொடங்கியது எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாடம். நான் படம் அனுப்புவேன். அவர் அடையாளம் சொல்லுவார். பக்கவாட்டில் கண்ணாடிச் சன்னல் இருந்தால் ராயல் பத்து. பழையதில் பக்கத்துக்கு இரண்டு கண்ணாடி, பின்னால் வந்ததில் ஒன்றே. 1990-இல் வந்த 'மிசரி' படத்தில் எழுத்தாளனை அடைத்துவைத்து எழுதச் சொல்லும் அம்மாள் வாங்கித் தருவது அந்த ராயல்தான். அதில் 'என்' எழுத்து விழாது. இதைச் சொன்னதும் அப்பா, "வாங்கும்போதே ஒரு வரி அடித்துப் பார்க்க வேண்டாமோ?" என்று அந்த அம்மாளைக் கடிந்துகொண்டார். அவள் செய்யும் மற்றக் கொடுமைகள் அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு ஞாயிறன்று 'தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ்' என்ற 2006-ஆம் ஆண்டு ஜெர்மானியப் படத்தின் கதையைச் சொன்னேன். 1984-ஆம் ஆண்டுக் கிழக்கு ஜெர்மனி. நாடகாசிரியர் ஒருவர் அரசாங்கம் மறைத்த உண்மையைக் கட்டுரையாக எழுதுகிறார். தம் சொந்த மிஷினில் அடித்தால் அகப்பட்டுக்கொள்வார். ஆகவே கோலிப்ரி என்ற மிகச் சிறிய மிஷின் ஒன்று இரகசியமாக வருகிறது. அதற்குச் சிவப்பு ரிப்பன்தான் கிடைக்கிறது. அடித்து முடித்ததும் வாயிற்படிக்கு அடியில் ஒளித்துவைக்கிறார். ஆனால் இரகசியப் போலீசிடம் எழுத்தைப் பார்த்தே மிஷினைச் சொல்லும் நிபுணர் இருக்கிறார். அவர் சொல்லிவிடுகிறார், கோலிப்ரி என்று.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இதற்கு நிபுணர் எதற்கு? நானும் சொல்லுவேனே" என்றார்.

நான் நம்பவில்லை. சென்ற கோடை விடுமுறையில் பரணிலிருந்து பழைய பயிற்சித் தாள்களின் கட்டு ஒன்றை இறக்கிச் சோதித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "'இ'யின் வயிறு அடைத்திருக்கிறது, இது இரண்டாம் நம்பர் ஹால்டா. இதில் 'ஆர்' கோட்டுக்கு மேலே நிற்கிறது. சன்னல் ஓரத்து ரெமிங்டன்." விற்றுப்போன எட்டும் ஒவ்வொன்றாக அந்தக் கூடத்துக்குத் திரும்பி வந்தன. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரு தாளை மட்டும் நெடுநேரம் வைத்துப் பார்த்தார்.

"பாசிட். ஆனால் மிஷின் இருக்கட்டும். அடித்தவன் யார் தெரிகிறதா? 'ஏ' எல்லாம் மங்கியிருக்கிறது பார். இடக்கைச் சுண்டுவிரலில் பலமில்லாத பையன். பத்து வயதில் நீதான் அடித்தாய்."

"அப்பா, அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"வாடகை கொடுக்க வேண்டியிருந்ததே, தம்பி" என்றார். அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நண்பர்களே, இனிமேலும் படத்தை நான் நிறுத்தத்தான் போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ஒரு சமாதானம் சொல்கிறேன். முன்பு மிஷினின் பெயர் தெரிந்ததும் போதும் என்று விட்டுவிடுவேன். இப்போது விரல்களையும் பார்க்கிறேன். அதற்கு இன்னும் அரை நிமிடம் கூடுதலாகும். என் அறைத் தோழர் இதைக் கேட்டுவிட்டுத் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.