மூழ்கிய தேவாலயமும் என் காதுகளும்

க்ளோட் டெபுஸி 1910-இல் வெளியிட்ட முதல் பிரெலூட் தொகுதியில் பன்னிரண்டு சிறு பியானோ உருப்படிகள் இருக்கின்றன. பத்தாவதன் பெயர் 'மூழ்கிய தேவாலயம்'. அந்தப் பெயரை அவர் உருப்படியின் தலையில் போடவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் சொன்னது போல அச்சிட வைத்தார். பன்னிரண்டுக்கும் அப்படித்தான். முதலில் கேள், பெயரை அப்புறம் தெரிந்துகொள் என்கிற மாதிரி.

இந்த ஒரே உருப்படியை நான்கு பேர் வாசிப்பில் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இந்தக் கோயில் மணியை இன்னும் எத்தனை நாள் அடிக்கப் போறீங்க?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

கதை பிரான்சின் மேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்தது. ஈஸ் என்று ஒரு நகரம் இருந்ததாம். கடல் அதைக் கொண்டுபோய்விட்டதாம். பூம்புகாரைக் கடலுக்குக் கொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் தெளிந்திருக்கும் விடியற்காலையில் அந்த ஊரின் தேவாலயம் மேலே எழும்பி வரும், மணி ஒலிக்கும், பாதிரிமார் பாடுவது கேட்கும், மறுபடி அமிழ்ந்துவிடும். டெபுஸி இதை அப்படியே பியானோவில் வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் பனிமூட்டம் போல மெல்லிய நாதக் கூட்டங்கள் கீழிருந்து மேலே ஏறுகின்றன. நடுவில் தேவாலயத்து ஆர்கன் முழங்குவது போலப் பெரிய முழக்கம். அந்த இடத்தில், நிறைந்து ஒலிக்கட்டும், ஆனால் முரட்டுத்தனம் வேண்டாம் என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். பிறகு இடது கை அடியாழத்தில் அலை போல உருள, மேலே அதே பாட்டு எதிரொலியாகக் கேட்கிறது. கடைசியில் பழைய பனிமூட்டம்.

இந்தப் பாணிக்கு 'இம்ப்ரெஷனிசம்' என்று ஓவியர்களிடமிருந்து பெயர் எடுத்து ஒட்டினார்கள். டெபுஸிக்கு அந்தப் பெயரே பிடிக்காது. அதைப் பயன்படுத்துகிறவர்களை முட்டாள்கள் என்ற அளவுக்கு 1908-இல் ஒரு கடிதத்தில் திட்டியிருக்கிறார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பியானோவில் ஒரு சங்கடம் உண்டு. அது சுத்தியல் வைத்த வாத்தியம். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியில் அடிக்கும். அடித்த கணத்திலிருந்து நாதம் தேய ஆரம்பித்துவிடும். வீணையில் போல இழுத்துக் கமகம் காட்ட முடியாது, புல்லாங்குழலில் போல ஊதி வளர்க்கவும் முடியாது. அப்படிப்பட்ட வாத்தியத்தில் சுத்தியல் இருப்பதையே கேட்பவர் மறக்க வேண்டும் என்று டெபுஸி விரும்பினாராம். அதற்கு விரலைவிடக் கால்தான் அதிகம் வேலை செய்ய வேண்டும். வலது பெடலை மிதித்தால் எல்லாக் கம்பிகளும் விடுபட்டு ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். எவ்வளவு கலக்க விடுவது, எப்போது துடைத்துவிடுவது என்பதில்தான் ஒருவருக்கொருவர் வேறுபடுகிறார்கள்.

வால்ட்டர் கீஸெகிங் அதில் மன்னர். ஜெர்மானியப் பெற்றோருக்கு பிரான்சின் லியோன் நகரில் 1895-இல் பிறந்தவர். இசைக் குறிப்புகளைப் பியானோ அருகில் போகாமலேயே படித்து மனப்பாடம் செய்துவிடுவார் என்பது பிரசித்தம். பட்டாம்பூச்சி சேகரிப்பது இன்னொரு பைத்தியம். 1950களின் முதல் பாதியில் லண்டனில் டெபுஸி முழுவதையும் ஒலிப்பதிவு செய்தார். மோனோ ஒலிப்பதிவு. அவர் வாசிப்பில் மணி ஓசை தூரத்தில் எங்கோ கேட்கிறது. யாரோ உட்கார்ந்து வாசிக்கிற உணர்வே வருவதில்லை. மெல்லிய ஒலிக்குள்ளேயே நாலைந்து படிகள் வைத்திருக்கிறார். ஆனால் பெரிய முழக்கம் வரும்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தேவாலயம் முழுசாக எழும்பவில்லை, கோபுரம் மட்டும் தெரிகிறது.

இத்தாலியரான ஆர்த்துரோ பெனெதெத்தி மிக்கெலாஞ்சலி நேர் எதிர். பியானோ சரியில்லை, மனம் சரியில்லை என்று கச்சேரிகளை ரத்து செய்வதில் பெயர் பெற்றவர். இந்தத் தொகுதியை 1978-இல் பதிவு செய்தார். இங்கே மூட்டமே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரமும் கண்ணாடியில் செதுக்கியது போல நிற்கிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். பிரமிப்பாக இருக்கிறது, கொஞ்சம் குளிராகவும் இருக்கிறது. ரசிகர்கள் என்னை அடிக்க வரலாம். அந்தத் தேவாலயத்தில் யாரும் பிரார்த்தனை செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாமவர் டெபுஸியேதான். 1918-இல் இறந்துபோனவர் எப்படி என்று கேட்பீர்கள். கிராமபோனில் அவர் 1904-இல் மேரி கார்டன் என்ற பாடகிக்குப் பக்கவாத்தியமாக வாசித்தது மட்டும்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வெல்ட்டே-மிக்னான் என்று ஒரு ஜெர்மானிய இயந்திரம் இருந்தது. ஒருவர் வாசிப்பதை அது காகிதச் சுருளில் ஓட்டைகளாகப் பதிந்துகொள்ளும். பிறகு அந்தச் சுருளைப் பொருத்தினால், காற்றின் விசையால் பியானோ தானே வாசிக்கும். டெபுஸி தன் உருப்படிகள் சிலவற்றை அதில் வாசித்துக் கொடுத்தார், இது உட்பட.

அதில்தான் அதிசயம். மொத்தம் 89 அளவுகள் கொண்ட இந்த உருப்படியில், ஏழு முதல் பன்னிரண்டு வரையும், இருபத்திரண்டிலிருந்து 83 வரையும் டெபுஸி அச்சில் உள்ளதைவிட இரு மடங்கு வேகத்தில் வாசிக்கிறார். நம் மொழியில் சொன்னால், முதல் காலத்தில் எழுதியிருப்பதை இரண்டாம் காலத்தில் எடுக்கிறார். அச்சுப் பிரதியில் அப்படி ஒரு குறிப்பு தெளிவாக இல்லை. சுருளை ஓட்டும் வேகம் முன்பின் ஆகியிருக்கலாமே என்று சொல்லலாம். சொல்லுங்கள், ஆனால் சுருள் வேகமாக ஓடினால் எல்லாமே வேகமாகும். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே உள்ள விகிதம் மாறாது.

அச்சை நம்பி வாசித்தவர்கள் ஆறு, ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ள, இவர் ஐந்து நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுகிறார். நடுப்பகுதி ஊர்ந்து போகவில்லை; பாதிரிமார் நடந்து வருகிறார்கள். 1985-இல் ராய் ஹோவாட் பதிப்பித்த பிரதியில் இந்த விகிதத்தை எடுத்துக் காட்டினார். அதுவரை பலர் ஒற்றைக் காலத்திலேயே வாசித்து, அந்த மந்த கதியையே கம்பீரம் என்று எண்ணி வந்தார்கள்.

எனக்கு இது பாடாந்தர விஷயமாகப் படுகிறது. நம்மிடம் காகிதத்தில் இருப்பது பாதி, குருவின் வாயிலிருந்து வருவது மீதி. அவர்களுக்குக் காகிதமே சட்டம். அந்தச் சட்டத்தை எழுதியவரே வேறு மாதிரி வாசித்து வைத்திருக்கும்போது எதை நம்புவது? நான் சுருளின் பக்கம். அதற்காக அது நல்ல வாசிப்பு என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு மென்மையாகத் தொட்டார் என்பதை ஓட்டைகளால் முழுசாகப் பிடிக்க முடியாது. காலத்தைச் சுருளில் கேட்கலாம், நாதத்தை வேறெங்காவது தேட வேண்டும்.

நான்காமவர் ஆல்ஃபிரட் கோர்ட்டோ. பிரெஞ்சுப் பள்ளியின் பெரியவர், 1930-31-இல் இதைப் பதிவு செய்தார். கரகரப்பு இருக்கிறது, தப்பு ஸ்வரங்களுக்கு அவர் பேர் போனவர். ஆனால் நால்வரில் கதை சொல்கிறவர் இவர்தான். இவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். டெபுஸி இறந்தபின் கோர்ட்டோ அவர் வீட்டுக்குப் போய் பிரெலூட்கள் வாசித்தாராம். மகள் ஷூஷூ பக்கத்தில் இருந்தாள். உன் அப்பா இப்படித்தான் வாசிப்பாரா என்று கேட்டதற்கு, இருக்கலாம், ஆனால் அப்பா இன்னும் அதிகமாகக் கவனித்துக் கேட்பார் என்றாளாம். அந்தப் பெண்ணும் 1919-இல், பதினாலு வயதுகூட நிரம்பாமல் போய்விட்டாள்.

கேட்பது என்ற இடத்துக்கு வந்துவிட்டதால் அவசரத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு காது பரிசோதனை செய்தார்கள். வரைபடத்தில் கோடு இடது பக்கம் சமமாகப் போய், 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சறுக்குமரம் போல இறங்குகிறது. வயதானால் எல்லோருக்கும் இப்படித்தான், உச்ச ஒலிகள் முதலில் போகும். பியானோவின் கடைசிக் கட்டையே சுமார் 4186 ஹெர்ட்ஸ்தான், ஆகவே ஸ்வரங்கள் எனக்குக் கேட்கின்றன. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மேலே மினுமினுக்கும் துணை நாதங்கள்தான் போய்விட்டன. காதுக் கருவி வைத்துக்கொண்டு முதல் நாள் பியானோ கேட்டபோது நீண்ட ஸ்வரங்கள் எல்லாம் நடுங்கின. பரிசோதித்த பெண் சிரித்தாள். "சார், இது பேச்சுக்காகச் செய்தது. நீளமாக ஒரே சுருதியில் ஒலித்தால், தன்னுடைய விசில் சத்தம்னு நினைச்சு அமுக்கப் பார்க்கும்." இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுக் கொடுத்தாள். நடுக்கம் போய்விட்டது. மினுமினுப்பு வரவில்லை.

இதனால் என் தரவரிசை தலைகீழாகிவிட்டது. மிக்கெலாஞ்சலியின் கண்ணாடி எனக்கு இப்போது பாதி மங்கல். முப்பது வருஷம் முன்பு கேட்ட நினைவை மேலே பூசித்தான் கேட்கிறேன். கீஸெகிங்கின் மோனோவும் கோர்ட்டோவின் கரகரப்பும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பதிவுகளில் உச்ச ஒலிகளே குறைவு, எனக்கும் குறைவு, இருவருக்கும் பேச்சு ஒத்துப்போகிறது.

இன்னொன்றும் எடுத்து வைத்திருக்கிறேன், இது வேறு உருப்படி. க்ளாடியோ அர்ராவ், சிலி நாட்டுக்காரர், 1991-இல் தன் 88-ஆம் வயதில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 'நிலவொளி' அடங்கிய பெர்காமாஸ்க் தொகுதியைப் பதிவு செய்தார். இளைஞர்கள் கல்யாண வரவேற்பில் வாசிக்கிற அந்த நிலவொளியை இவர் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடி இறங்குகிறவர் போல வாசிக்கிறார். நேற்று ராத்திரி கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒலியைக் கூட்டி அதைக் கேட்டேன். உள்ளறையிலிருந்து, "என்ன இது, இவ்வளவு நிதானம்?" என்று குரல் வந்தது. எண்பத்தெட்டு வயசு என்றேன். "அப்ப சரி, முடியட்டும்" என்று விளக்கை அணைக்காமல் உட்கார்ந்துகொண்டாள்.