நானும் மாடலிங் செய்தேன்!

"ஏங்கண்ணு, உன்ற பையன் காலேஜுல என்னமோ மாடலிங் பண்றானாமா? துணிக்கடை விளம்பரத்துல வருவானா?"

எங்கள் அம்மாயி என் அம்மாவிடம் இப்படிக் கேட்டபோது வீடே சிரித்தது. நானும் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாயியின் ஆசை நிறைவேற வழியில்லை என்று தெரிந்தது!

நண்பர்களே, நான் செய்தது கம்ப்யூட்டரில் செய்யும் சாலிட் மாடலிங். ஒரு பொருளை நீளம், அகலம், உயரத்தோடு திரையில் உருவாக்கி, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கும் வேலை. 1963-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் ஐவன் சதர்லாண்டு, 'ஸ்கெட்ச்பேடு' என்ற தன் புரோகிராமில் ஒளிப்பேனாவால் திரையில் படம் வரைந்து காட்டினார். அந்த வழியில் வளர்ந்த வித்தை இன்று நம் பாலிடெக்னிக் லேப் வரை வந்துவிட்டது.

அன்று வீட்டில் சிரிக்காமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான். காரணம், அவரும் மாடல் செய்கிறவர். முப்பது வருடமாகக் கணபதியில் ஒரு பேட்டர்ன் ஷாப்பில் வேலை. இரும்பில் வார்க்க வேண்டிய பொருளை முதலில் தேக்கு மரத்தில் செய்வார். அதை மண்ணில் பதித்து எடுத்தால் அதே உருவத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றினால் வார்ப்பு. அந்த மர உருவத்துக்குப் பெயர்தான் பேட்டர்ன்.

நம் ஊர்ப் பெருமை பேசும்போது 1888-ல் வந்த ஸ்டேன்ஸ் மில்லைச் சொல்கிறோம். 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்தைச் சொல்கிறோம். ஜி.டி.நாயுடு காலத்தில், 1937-ல் இங்கே உருவான மின் மோட்டாரைச் சொல்கிறோம். ஆனால் பம்பு, மோட்டார் பாடி என்று நம் பவுண்டரிகளில் வார்த்த ஒவ்வொன்றுக்கும் முன்னால், யாரோ ஒருவர் உளியைப் பிடித்துக்கொண்டு ஒரு பேட்டர்ன் செய்திருக்கிறார். அவரை யாரும் சொல்வதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் சொன்னதில்லை. 'அப்பா என்ன பண்றாரு?' என்று கேட்டால் 'கம்பெனியில இருக்காரு' என்று முடித்துவிடுவேன்.

அப்பா ஷாப்பில் ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது இரண்டே பேர். சி.என்.சி. மெஷினிலும் த்ரீ-டி பிரிண்டரிலும் பேட்டர்ன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். "உனக்கு இந்த மரத்தூள் வேண்டாம் சாமி, படிச்சுக்கோ" என்றுதான் என்னை மெக்கானிக்கலில் சேர்த்துவிட்டார். அவர் வேலையைப் பறிக்கும் வித்தையையே நான் படிக்கிறேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

இறுதியாண்டு புராஜெக்ட் வந்தது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தேங்காய் மட்டை உரிக்கும் சிறிய மெஷின் ஒன்று எடுத்துக்கொண்டோம். அதற்கு இரண்டு பேரிங் ஹவுசிங் வேண்டும். 6205 பேரிங், அதாவது வெளி விட்டம் 52 மில்லிமீட்டர். மாடல் போடும் பொறுப்பை நான் ஏற்றேன். பத்து நாள் உட்கார்ந்தேன். திரையில் பளபளவென்று சுழன்றது பாருங்கள்... லேபில் எல்லோரும் வந்து பார்த்தார்கள்!

அப்பா கேட்டார்: "பிரிண்ட் போடறதுக்கு முன்னால ஒருக்கா காட்டு கண்ணு."

"இல்லீங்ப்பா, இது கம்ப்யூட்டர் மாடலுங். உங்களுக்குப் புரியாது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

பேட்டர்னும் கோர் பாக்ஸும் பிளாஸ்டிக்கில் பிரிண்ட் ஆகி வந்தன. ஒரு சிறிய பவுண்டரியில் கொடுத்தோம். மோல்டர் மண்ணை இடித்துவிட்டுப் பேட்டர்னைத் தூக்கினார். மண் சுவரும் கூடவே பிய்த்துக்கொண்டு வந்தது. நான் பக்கங்களைச் செங்குத்தாகப் போட்டிருந்தேன். பிரிண்டர் விட்ட வரிவரியான கோடுகளும் மண்ணைக் கவ்விக்கொண்டன. அவர் எப்படியோ ஒட்டுப்போட்டு வார்த்துக் கொடுத்தார்.

அடுத்த அதிர்ச்சி லேத் ஒர்க்ஷாப்பில். 52 மில்லி துளைக்கு நான் 52 மில்லியே கொடுத்திருந்தேன். வார்ப்பு ஆறியபோது அது சுமார் அரை மில்லி சுருங்கியிருந்தது. கடைந்து எடுக்க இரும்பே இல்லை. போரிங் போட்டால் ஒரு பக்கம் வார்ப்பின் கருந்தோல் அப்படியே நிற்கிறது. அடிப்பக்கத்தைச் சமன் செய்தால் உயரம் குறைந்து ஷாஃப்ட் லைனே மாறிவிடுகிறது. இரண்டு ஹவுசிங்கும் பழைய இரும்புக்குத்தான் போயின. நாங்கள் சேர்த்துப் போட்ட 4,800 ரூபாய் போனது. அதில் ஒரு பங்கு, நண்பன் ஒருவன் முகூர்த்த நாட்களில் மண்டபத்தில் பந்தி பரிமாறிச் சம்பாதித்தது. அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று இரவு வார்ப்பைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்ற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். என் ஸ்கேலை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அவர் ஸ்கேலில் 300 என்ற கோடு, என் ஸ்கேலில் 303-க்கு நேராக நின்றது!

"இது சுருக்க ஸ்கேல். வார்ப்பிரும்பு நூத்துக்கு ஒண்ணு சுருங்கும். அலுமினியம் ஒண்ணே கால் கிட்ட, எஃகு ரெண்டு. நீ செய்யறது சாமான் இல்ல கண்ணு, சாமானோட அம்மா. அம்மா கொஞ்சம் பெருசாத்தான் இருக்கோணும்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மண்ணிலிருந்து உருவ வேண்டிய பக்கத்துக்கு ஒன்று, இரண்டு டிகிரி சரிவு விட வேண்டும். உள்மூலைகளை வளைவாகப் போட வேண்டும். கூராக விட்டால் அங்கேதான் விரிசல் வரும். கடைகிற பக்கத்துக்கு மூன்று மில்லி கூடுதல். துளைக்கு அது தலைகீழ்: 52-ல் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கழித்தால் 46, அதற்குச் சுருக்கம் சேர்த்தால் கோர் 46.5. பிறகு அந்தக் கோர் மண்ணுக்குள் உட்கார ஒரு நீட்டம். அது வார்ப்பில் இருக்காது, பேட்டர்னில் இருந்தே ஆக வேண்டும்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவர் சொல்லச் சொல்லத் திருத்தினேன். சரிவு விட்ட பக்கங்களை வேறு நிறத்தில் காட்டினேன். "அட, அறுக்காமயே உள்ள பாக்கலாமா!" என்றார். இரவு ஒரு மணி ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பேட்டர்ன் வந்ததும் புட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து அவரே கொடுத்தார். மண்ணிலிருந்து வெண்ணெய் போல வந்தது. துளை 52-ல் நின்றது. பேரிங் அளவாக உட்கார்ந்தது.

புராஜெக்ட் ரிப்போர்ட்டின் நன்றிப் பக்கத்தில் அப்பா பெயரையும் சேர்த்தேன். டைப் செய்தவர், "பதவி என்னங்க போடறது?" என்றார். "பேட்டர்ன் மேக்கர்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

அப்பா ஷாப்பில் இப்போதும் இரண்டே பேர்தான். அதை நான் மாற்றிவிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து மாடலிங் பழகுகிறார். உளி பிடிக்கும்போது நடுங்காத கை, மவுஸ் பிடிக்கும்போது நடுங்குகிறது.

தம்பிகளே, தங்கைகளே! மாடலிங் ஆரம்பிக்கிறவர்கள் முதல் நாளே மவுஸைத் தொட வேண்டாம். ஒரு சிறிய வார்ப்பைக் கையில் எடுங்கள். வெர்னியரில் அளந்து பாருங்கள். இது எந்தப் பக்கமாக மண்ணிலிருந்து வந்தது, எந்தப் பக்கத்தைக் கடைந்தார்கள் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பக்கத்துத் தெரு பவுண்டரியில் கேளுங்கள். சில பேருக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. வீட்டிலேயே கேட்கலாம்.