ஸ்பாஞ்சுக்குச் சோப்புப் போட்டேன்!

பாத்திரம் தேய்த்தால் அதில் முகம் தெரிய வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அந்தப் புத்திதான் மூன்று மீன்களின் உயிரைக் குடித்தது.

ஆரணியில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுக்கத் தறிதான். மிச்சமிருந்த மூலையில், ஆறாவது படிக்கும் மகளின் நச்சரிப்பு தாங்காமல் 2 அடித் தொட்டி ஒன்று வைத்தோம். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். சென்னை கொளத்தூரிலிருந்து (அங்கே பல குடும்பங்களுக்கு வண்ணமீன் வளர்ப்பதுதான் பிழைப்பு) வந்த ஐந்து தங்கமீன்கள். அந்தத் தொட்டிக்கு ஐந்து அதிகம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கூடவே ஒரு காற்று மோட்டார், ஒரு குழாய், அதன் நுனியில் கறுப்பு ஸ்பாஞ்ச். "அழுக்கை இழுக்கும்" என்றார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் ஸ்பாஞ்ச் பழுப்பேறி வழவழவென்று ஆகிவிட்டது. பார்க்கவே அருவருப்பு! வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது அதையும் கழற்றி, சோப்புத்தூள் போட்டுக் கசக்கி, குழாயடியில் நாலு தண்ணீர் அலசி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து மாட்டினேன். தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. ஞாயிறன்று மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. செவ்வாய்க்குள் மூன்று போய்விட்டன. மகள் அழவில்லை. என்னோடு பேசவும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரத் தம்பியிடம் சண்டைக்கே போனேன். அவர், "ஸ்பாஞ்சை எதுல கழுவுனீங்கக்கா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "உறை மோரைக் கொட்டி, சட்டியைத் தேய்ச்சு வச்சுட்டு, தயிர் ஏன் தோயலைன்னு கேக்கறீங்களே!" என்றார்.

விஷயம் இதுதான். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது; மீனுக்கு விஷம். ஒருவகை நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷமே. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கிவிடும். இது அவ்வளவு கெடுதல் செய்யாது. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்தக் கிருமிகள் குடியிருப்பது ஸ்பாஞ்சின் துவாரங்களில்! காற்றுக் குமிழிகள் மேலேறும்போது தண்ணீரை ஸ்பாஞ்ச் வழியாக இழுக்கின்றன. கிருமிகளுக்குத் தீனியும் பிராணவாயுவும் அதோடு போய்ச் சேரும். அவை பெருகி நிலைக்க ஒன்றரை மாதம்கூட ஆகும். நான் அரைமணியில் ஒழித்துவிட்டேன்.

"குளத்து மீனுக்கு யாரு ஸ்பாஞ்ச் வச்சாங்க?" என்றார் என் மாமியார். நியாயமான கேள்வி! குளத்தில் அந்த வேலையைச் சேறும் செடியும் பாசியும் பார்த்துக்கொள்கின்றன, தண்ணீரும் ஏராளம்.

தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, தீனியைச் சிட்டிகையாகக் குறைத்து, மற்ற இரண்டையும் காப்பாற்றினேன். இப்போதெல்லாம் தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று தடவை பிழிவதோடு சரி. பழுப்பு போகாது, போகவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரின் குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். ஆகவே மாற்றும் தண்ணீரை ஒருநாள் வாளியில் திறந்து வைத்தே ஊற்றுகிறேன். ஸ்பாஞ்ச் நைந்துபோனால் புதியதைப் பழையதன் பக்கத்திலேயே ஒரு மாதம் ஓடவிட்டு, பிறகுதான் பழையதை எடுக்க வேண்டுமாம். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இன்னொன்று: பட்டுக்குப் பசை எடுத்த சோப்புக் கையோடு தொட்டியைத் தொட்டுவிடாதீர்கள்!

'அம்மா தொடக்கூடாது' என்று மகள் எழுதித் தொட்டியில் ஒட்டியிருந்தாள். போன ஞாயிறு வாளியை அவளே தூக்கிவந்து, "இன்னிக்கு நீ பிழிம்மா. நான் பக்கத்துலயே நிப்பேன்" என்றாள். காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை.